100 கிரெய்னா 125 கிரெய்னா? வேட்டை அம்புக்கு ப்ராட்ஹெட் எடை பாக்குறது எப்படி

அமெரிக்கால வில் வேட்டைக்கு புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரு இடத்துல கட்டாயம் முழிப்பாங்க. வில்லு வாங்கியாச்சு, அம்பு வாங்கியாச்சு, கோடை முழுக்க வீட்டுக்குப் பின்னாடி டார்கெட் வெச்சு அடிச்சுப் பழகியாச்சு, மான் சீசன் தொறக்க கொஞ்ச நாள்தான் இருக்கு, ப்ராட்ஹெட், அதாவது அம்பு முனைல மாட்டுற பிளேடு வெச்ச வேட்டைத் தலை, வாங்கலாம்னு கடைக்குப் போனா ஒரே மாடல்லயே 100னு ஒண்ணு தொங்குது, 125னு ஒண்ணு தொங்குது, பக்கத்துல 150, 175, 200 வரைக்கும் போகுது, விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கடைக்காரர் ஒண்ணு சொல்வார், கூட வர்ற நண்பர் வேற ஒண்ணு சொல்வார்.

நேரடியான பதில முதல்லயே சொல்லிடறேன். இப்ப எந்த எடை ஃபீல்ட் பாயின்ட் மாட்டிப் பழகுறீங்களோ, அம்பு அதோட ஒழுங்கா பறக்குதுன்னா, அதே எடைல ப்ராட்ஹெட் வாங்குங்க. 100ல பழகினவங்களுக்கு 100, 125ல பழகினவங்களுக்கு 125. ஃபீல்ட் பாயின்ட்னா பிளேடு இல்லாத, டார்கெட்டுக்கு மட்டும் போடுற கூர்முனை. வெள்ளைவால் மான் வேட்டைக்கு, 50ல இருந்து 70 பவுண்ட் வரைக்கும் இழுக்குற, முனைங்கள்ல சக்கரம் வெச்ச காம்பவுண்ட் வில்லுக்கு இந்த ரெண்டு எடையுமே தாராளமா போதும். ஆனா ஏன்னு புரியாம விட்டா நாளைக்கே யாராவது "கனமா போடு, அப்பதான் ஊடுருவும்"னு சொன்னதும் 200 வாங்கி மாட்டிடுவீங்க, அம்பு கன்னாபின்னான்னு போகும், அடிபட்ட மான் செத்தும் சாகாம காட்டுக்குள்ள ஓடிடும். அது நடக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு விரிவா எழுதறேன்.

கிரெய்ன்ங்கறது ரொம்ப சின்ன எடை. 1 கிராமுக்கு சுமார் 15.4 கிரெய்ன், 1 பவுண்டுக்கு 7000. 125 கிரெய்ன் தலை 8.1 கிராம் வரும், நம்ம ஊர் கணக்குல ஒரு சவரன் தங்கம் எடைதான். 100 கிரெய்ன்னா 6.5 கிராம். ஆக ரெண்டுக்கும் நடுவுல 1.6 கிராம்தான் வித்தியாசம், கைல வெச்சுப் பாத்தா தெரியவே தெரியாது. ஆனா அந்த 1.6 கிராம் அம்போட நட்டநடுவுல உக்காரல, கோடி முனைல உக்காந்திருக்கு, அதனாலதான் இவ்வளவு பேச்சு.

முனைல எடை கூடினா மூணு விஷயம் மாறும். அம்போட மொத்த எடை ஏறும், அதனால வேகம் கொஞ்சம் குறையும். எடை முன்பக்கமா சாயும். மூணாவது, அம்பு வில்ல விட்டுக் கிளம்புறப்ப வளையுற அளவு கூடும். இந்த மூணாவதுதான் புதுசா வர்றவங்க கண்டுக்காம விடுறது, என்னக் கேட்டா மூணுலயும் முக்கியமானதும் அதுதான், அதுலயே ஆரம்பிக்கறேன்.

அம்பு விறைப்பா நேரா போற மாதிரி கண்ணுக்குத் தெரியும், ஆனா ஹை ஸ்பீட் கேமராவுல பாத்தீங்கன்னா கிளம்புற நொடில அது மீன் மாதிரி நெளியும். பின்னாடி நாண் வேகமா தள்ளுது, முன்னாடி முனைல இருக்குற எடை சட்டுனு நகர மாட்டேங்குது, ரெண்டுக்கும் நடுவுல மாட்டின ஷாஃப்ட், அதாவது அம்போட தண்டு, வளையுது. முனை கனமாக கனமா அது நகர இன்னும் அடம் பிடிக்கும், ஷாஃப்ட் இன்னும் வளையும். இந்த வளையுற குணத்த ஸ்பைன்னு ஒரு நம்பர்ல சொல்வாங்க. அளக்குற முறை ரொம்ப எளிமை, 28 இன்ச் இடைவெளில ரெண்டு முட்டு கொடுத்து ஷாஃப்ட படுக்க வெச்சு, சரியா நடுவுல 1.94 பவுண்ட், அதாவது 880 கிராம் எடைய தொங்கவிடுவாங்க, 0.400 இன்ச் கீழ இறங்குச்சுன்னா அது 400 ஸ்பைன், 0.340 இறங்குச்சுன்னா 340. அதனால நம்பர் சின்னதா இருந்தா ஷாஃப்ட் விறைப்பு அதிகம், இத நிறைய பேர் தலைகீழா நினைச்சுக்கறாங்க.

ஆனா அது மேஜை மேல படுக்க வெச்சு அளந்த விறைப்பு. வில்லுல இருந்து கிளம்புறப்ப அம்பு எவ்வளவு வளையும்ங்கறது வில்லோட இழுவை எடை, ஷாஃப்ட் நீளம், முனை எடை மூணையும் சேத்துதான் முடிவாகும். இழுவை ஏறினா அதிகம் வளையும், நீளம் கூடினா அதிகம் வளையும், முனை கனமானா அதிகம் வளையும். ஷாஃப்ட ஒரு இன்ச் வெட்டிட்டா விறைப்பு கூடும். அம்பு கம்பெனிங்க போடுற ஸ்பைன் சார்ட் பெரும்பாலும் 100 கிரெய்ன் முனைய மனசுல வெச்சுப் போட்டது, 125க்கும் அதுக்கு மேலயும் தனி கட்டம் இருக்கும் இல்லன்னா இவ்வளவு பவுண்ட் கூட்டிப் பாருங்கன்னு கீழ குறிப்பு இருக்கும். 60 பவுண்ட் வில், 28 இன்ச் அம்பு, 100 கிரெய்ன் முனைன்னா சார்ட் பெரும்பாலும் 400 ஸ்பைன் பக்கம் காட்டும். அதே அம்புல 125 மாட்டினா பல நேரம் சமாளிச்சுடும், ஆனா 175 200னு போனா அந்த 400 ஷாஃப்ட் தாங்காது, 340, 300னு இறங்கி வேற ஷாஃப்ட்தான் வாங்கணும். ப்ராட்ஹெட்ட மட்டும் தனியா கனமாக்க முடியாது, கனமாக்கினா கூடவே அம்பும் மாறணும்.

ஃபீல்ட் பாயின்ட் மாட்டியிருக்குறப்ப ஸ்பைன் கொஞ்சம் தப்பா இருந்தாலும் பின்னாடி இருக்குற வேன், அதாவது அம்பு இறகு, இழுத்து நேராக்கிடும், டார்கெட்ல ஓரளவு ஒழுங்காவே போய் குத்தும். ப்ராட்ஹெட் மாட்டினா பிளேடுங்க முன்பக்கம் இன்னொரு செட் இறகு மாதிரி காத்த பிடிக்கும், அம்பு லேசா கோணலா கிளம்பினாலும் அந்தக் கோணல் பக்கமே இழுத்துட்டுப் போயிடும். 30 யார்டுல ஃபீல்ட் பாயின்ட் எல்லாம் ஒரே இடத்துல குத்துது, ப்ராட்ஹெட் மட்டும் அஞ்சு இன்ச் தள்ளிப் போய் குத்துதுன்னு புலம்புறவங்க நிறைய பேருக்கு பிரச்சனை இதுதான், ப்ராட்ஹெட் மேல குத்தம் கிடையாது.

இப்ப எடை முன்னாடி சாயுற விஷயம். இத எஃப்.ஓ.சின்னு சொல்வாங்க, அம்போட சமநிலைப் புள்ளி நட்டநடுவுல இருந்து எவ்வளவு முன்னாடி இருக்குங்கற சதவீதம். வீட்லயே பாத்துக்கலாம். தலைய மாட்டி அம்ப ஒரு கத்தி முதுகு மேல படுக்க வெச்சு, எந்த இடத்துல ஆடாம நிக்குதோ அங்க பென்சில்ல கோடு போடுங்க. அம்போட பின்முனைல நாண் உக்காருற நாக் பள்ளத்துல இருந்து அந்தக் கோடு வரைக்கும் அளங்க. அப்புறம் நாக் பள்ளத்துல இருந்து ஷாஃப்ட் முடியுற இடம் வரைக்கும் அளங்க, இதுல தலைய சேக்கக் கூடாது. முதல் அளவுல இருந்து ரெண்டாவதோட பாதிய கழிச்சு, மொத்த நீளத்தால வகுத்து, நூறால பெருக்குங்க.

ஒரு சாதாரண அம்ப எடுத்துப்போம். 28 இன்ச் ஷாஃப்ட், இன்ச்சுக்கு 9 கிரெய்ன், அது 252. முன்னாடி தலைய திருகி மாட்டுற இன்சர்ட் 16, நாக் 9, மூணு வேனும் சேத்து 18. இதுல 100 தலை மாட்டினா மொத்தம் 395 கிரெய்ன், எஃப்.ஓ.சி சுமார் 12 சதவீதம் வரும். 125 மாட்டினா 420, எஃப்.ஓ.சி பதினாலரை கிட்ட. 200 மாட்டினா 495 கிரெய்ன், எஃப்.ஓ.சி 20 பக்கம் போயிடும். வேட்டைக்கு 10ல இருந்து 15 வரைக்கும் நல்ல இடம்னு பொதுவா சொல்றாங்க, ஆக 100ம் 125ம் ரெண்டுமே அதுக்குள்ளயே அடங்குது பாருங்க. முன்பக்கம் எடை இருந்தா பின்னாடி இருக்குற இறகுக்கு அம்ப நேராக்குறது சுலபம், பிளேடு காத்துல இழுக்குறத அடக்க அது உதவும். அதனால மடங்காம எப்பவும் வெளியவே நிக்கிற ஃபிக்ஸட் பிளேடு போடுறவங்களுக்கு 125 பக்கம் கொஞ்சம் சாதகம் இருக்கு.

வேகம் குறையும்ங்கற பயத்துக்கு வருவோம், ஏன்னா 100லயே நிக்கிறவங்க பெரும்பாலும் சொல்ற காரணம் இதுதான். வில் பெட்டி மேல 340, 345னு போட்டிருக்குற வேகம் 70 பவுண்ட் இழுவை, 30 இன்ச் டிரா (நாண பின்னாடி இழுக்குற நீளம்), 350 கிரெய்ன் அம்புங்கற ஐ.பி.ஓங்கற வில் வேட்டை அமைப்போட கணக்குல வர்றது, வேட்டை அம்பு பெரும்பாலும் அந்த வேகத்துல போகாது. 400 கிரெய்ன் அம்பு நொடிக்கு 280 அடி போகுதுன்னு வெச்சுப்போம், 25 கிரெய்ன் கூட்டினா ஏறக்குறைய 272க்கு வரும். 20 யார்டுல இதனால அம்பு கூடுதலா இறங்குறது அரை இன்ச், 40 யார்டுல ரெண்டு இன்ச். வில்லுல குறி பாக்குற சைட் பின்ன ஒரு தடவை திருப்பி சரி பண்ணிட்டா முடிஞ்சுது. மானுங்களுக்கு பெரும்பாலும் 30 யார்டுக்குள்ளதான் அம்பு விடுறோம்ங்கறப்ப இதுக்காக கவலைப்படத் தேவையில்ல.

பதிலுக்கு என்ன கிடைக்குதுன்னா, அதே கணக்குல அம்போட இயக்க ஆற்றல் 69.7ல இருந்து 69.8 ஃபுட் பவுண்ட், கிட்டத்தட்ட மாறவே இல்ல, வில் கொடுக்குற சக்தி அதேதானே. உந்தம் மட்டும் 0.497ல இருந்து 0.513க்கு ஏறுது. மூணு சதவீதம். இந்த மூணு சதவீதத்துக்காக 125தான் ஊடுருவும், 100 ஊடுருவாதுன்னு அடிச்சுப் பேசறது நியாயமில்ல. 60, 65 பவுண்ட் வில்லுல இருந்து போற கூரான 100 கிரெய்ன் தலை பக்கவாட்டுல நிக்கிற மானோட விலா எலும்பத் தாண்டி ரெண்டு நுரையீரலையும் கிழிச்சுட்டு மறுபக்கம் தரைல போய் குத்தி நிக்கும். கனமான அம்புல எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு, வில்லு சத்தம் குறையும். மான் நாண் சத்தத்துக்கு உடம்பத் தாழ்த்தி ஓடத் தயாராகுற பிராணி, சத்தம் அம்ப விட நாலு மடங்கு வேகத்துல போய்ச் சேரும், அதனால கொஞ்சம் அமைதியான வில் நிஜமாவே பிரயோஜனம்.

அப்ப கனமான அம்பு கோஷ்டி சொல்றது எல்லாம் பொய்யான்னா இல்ல. டாக்டர் எட் ஆஷ்பி 1980கள்ல தென்னாப்பிரிக்காவோட நேட்டால் பகுதில ஆரம்பிச்சு வருஷக்கணக்கா பெரிய விலங்குங்க மேல அம்பு ஊடுருவல ஆராய்ச்சி பண்ணவர், கனத்த எலும்ப உடைக்கணும்னா அம்பு மொத்த எடை 650 கிரெய்ன் பக்கம் இருக்கணும், எடை முன்னாடி நிறைய இருக்கணும், ஒரு பக்கம் மட்டும் தீட்டின ரெண்டு பிளேடு தலை நல்லதுன்னு அவர் முடிவு. ஆப்பிரிக்க எருமை மாதிரி உடம்புக்கு அது பொருத்தமான பேச்சு. ஆனா அவர் எல்லாத்துக்கும் முதல்ல வெக்கிறது அம்பு முறியாம இருக்கணும், அடுத்தது கோணாம நேரா பறக்கணும்ங்கறதுதான், எடை பட்டியல்ல பின்னாடிதான் வருது, இத விட்டுட்டு 650ங்கற நம்பர மட்டும் பிடிச்சுக்கறாங்க. முதல் வருஷம் மான் வேட்டைக்குப் போறவங்களுக்கு 650 கிரெய்ன் அம்பு தேவையே இல்ல, தூரத்த ரெண்டு மூணு யார்டு தப்பா கணிச்சாலும் அம்பு நல்லா கீழ போயிடும்.

எல்க், மூஸ்னு பெரிய மான் வகைங்களுக்குப் போறவங்க கதை வேற. எல்க் வெள்ளைவால் மானப் போல மூணு நாலு மடங்கு கனம், விலாவும் தோளும் தடிப்பு. அதுக்கு 450ல இருந்து 500 கிரெய்ன் அம்பு, 125 இல்ல 150 ஃபிக்ஸட் தலை, அதுக்கேத்த விறைப்பான ஷாஃப்ட்னு போறது புத்திசாலித்தனம்.

இன்னொரு பக்கம் 40, 45 பவுண்ட் இழுக்குறவங்க, பதின்ம வயசுப் பசங்க, புதுசா வர்ற பெண்கள் நிறைய பேர் இதுலதான் இருக்காங்க. அவங்களுக்கு 350 கிரெய்ன் அம்பு 200 அடி வேகத்துல போனா 31 ஃபுட் பவுண்ட். ஈஸ்டன் கம்பெனியோட பரிந்துரைல மானுக்கு 25ல இருந்து 41னு இருக்கு, அதனால போதும், ஆனா விரயம் பண்ண மிச்சம் இல்ல. 100 கிரெய்ன், முனையே வெட்டுற மாதிரி இருக்குற குறுகலான ஃபிக்ஸட் தலைதான் இங்க சரி. ரேஜ்ங்கற பிராண்ட் மாதிரி ரெண்டு இன்ச் விரியுற மெக்கானிக்கல் தலை பறக்குறப்ப பிளேட மடக்கி வெச்சிருக்கும், படுறப்பதான் விரியும், விரியவே கொஞ்சம் சக்தி செலவாகும், அவ்வளவு அகலமா வெட்டிட்டுப் போக இன்னும் சக்தி வேணும். 65 பவுண்ட் வில்லுக்கு அது பெரிய காயம், நல்ல ரத்தத் தடம், தேடுறது சுலபம். 40 பவுண்ட் வில்லுக்கு பாதி வழில நின்னுடும்.

கடைல பாக்குறப்ப இத மட்டும் கவனிங்க, ஒரே மாடல்ல 100க்கும் 125க்கும் அந்த 25 கிரெய்ன் எங்க போயிருக்குன்னு. சில கம்பெனி பிளேட அகலமாக்கும், சிலது பிளேடயும் நடு உடம்பையும் தடிப்பாக்கும். தடிப்பானா எலும்புல பட்டா வளையாது, அது எனக்குப் பிடிக்கும். அகலமானா காத்துல இன்னும் இழுக்கும், உள்ள போக இன்னும் தள்ளணும். எடை நம்பர் ஒண்ணா இருந்தாலும் இது ரெண்டும் வேற வேற பொருள்.

புதுசா அம்பே வாங்கப் போறீங்கன்னா என்னோட சாய்வு 125 பக்கம். முதல்ல 125னு முடிவு பண்ணிட்டு, அத வெச்சு சார்ட்ல ஸ்பைன் பாத்து, ரெண்டு நம்பருக்கு நடுவுல மாட்டினா விறைப்பான பக்கம் எடுத்து, வேன் லேசா முறுக்கி ஒட்டச் சொல்லி வாங்குங்க. ஏற்கனவே 100க்கு சரியா இருக்குற அம்பு கைல இருந்தா அதத் தூக்கிப் போட வேண்டாம். எடை எதுவானாலும் அம்பு மொத்த எடை இழுவை பவுண்டுக்கு 5 கிரெய்னுக்குக் கீழ போகவே கூடாது, 70 பவுண்ட் வில்லுன்னா 350, அதுக்குக் கீழ போனா வில்லு அம்பு இல்லாம வெறும் நாண விட்ட மாதிரி அதிர்ந்து உடையக்கூட செய்யும், வாரண்டியும் போயிடும்.

வாங்கினதும் 20 யார்டுல ஒரு ஃபீல்ட் பாயின்ட், ஒரு ப்ராட்ஹெட்னு மாத்தி மாத்தி அடிங்க, ஃபோம் டார்கெட்ல வேற வேற புள்ளிய குறி வெச்சு, இல்லன்னா வேன கிழிச்சுக்குவீங்க. அப்புறம் 30, 40. ப்ராட்ஹெட் கூட்டம் இடது பக்கம் போய் விழுதுன்னா அம்பு தாங்குற ரெஸ்ட்ட வலது பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்க, அதாவது ப்ராட்ஹெட் எந்தப் பக்கம் வரணுமோ அந்தப் பக்கம். மறுபடி அடிச்சுப் பாருங்க. எவ்வளவு நகர்த்தியும் ரெண்டும் சேரலன்னா ஸ்பைன் தப்பா இருக்கலாம், வில் கடைக்கு எடுத்துட்டுப் போங்க.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கொலராடோல ப்ராட்ஹெட் குறைஞ்சது 7/8 இன்ச் அகலம் இருக்கணும், அலாஸ்காலயும் ஐடஹோலயும் அந்த அகலத்தோட அம்பு மொத்த எடை 300 கிரெய்னாவது இருக்கணும். சில மாநிலம் மெக்கானிக்கல் தலைக்கு தனி விதி வெச்சிருக்கும், அந்த வருஷத்து ரெகுலேஷன் புக்க படிச்சுட்டு வாங்குங்க. இந்தியால 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி வேட்டையே குத்தம், பிரிட்டன்ல வில்லால வேட்டையாட அனுமதி இல்ல, அதனால அங்க இருந்து படிக்கிறவங்க டார்கெட்டோட நிறுத்திக்கோங்க.

கடைசியா ஒரு சின்ன கிரெய்ன் தராசு வாங்கி வெச்சுக்கோங்க. மூணு தலை இருக்குற பாக்கெட்ல 100னு போட்டிருந்தாலும் ஒண்ணு 99, ஒண்ணு 102னு இருக்கும், அது பரவால்ல, ஆனா அஞ்சாறு கிரெய்ன் தள்ளி இருக்குறத ப்ராக்டிஸுக்கு ஒதுக்கிடுங்க. டார்கெட்ல அடிச்ச தலைய அப்படியே வேட்டைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, ரெண்டு தடவை ஃபோம்ல போனாலே பிளேடு மழுங்கிடும், மழுங்கின 125ஐ விட கூரான 100 எவ்வளவோ மேல். முன்கை முடிய வழிச்சா வரணும், அந்த அளவு கூரு. பிளேட மாத்தி, தலைய திருகி இறுக்கி, அம்ப தரைல நாக் மேல நிறுத்தி சுத்தி விட்டு முனை ஆடுதான்னு பாருங்க, ஆடுச்சுன்னா அந்த அம்பு வேண்டாம், வேற எடுங்க.